பதக்கத்தின் மறுபக்கம்

அரசுகள் வெளியிடும் நினைவுப் பதக்கங்களையும் நாணயங்களையும் வெறும் அலங்காரப் பொருள்கள் என்று எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எதனை நினைவிற் கொள்ளவேண்டும், எதனை மறந்துவிடவேண்டும் என்று ஆளுவோர் மக்களுக்கு இடும் கட்டளைகளே அவை.

2009 மே மாதத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தது. அவ்வாண்டிலேயே மத்திய வங்கி ஆயிரம் ரூபாய் நினைவுத் தாளொன்றை வெளியிட்டது. முன்புறத்தில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. பின்புறத்தில் தேசியக் கொடியை நாட்டும் படைவீரர். வடபுலப் போரிற் பங்குகொண்ட படையினருக்கெனப் பதக்கமொன்றும் உருவாயிற்று. அதன் பெயர் ‘வடக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம்’!

அந்த மனிதாபிமானத்தை மன்னார்க் கரை நன்கறியும். 2007 செப்டெம்பரில் சிலாவத்துறையைப் படையினர் கைப்பற்றினர். அம்மாதத்திலேயே முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்தம் நிலத்தில் கடற்படைத் தளம் எழுந்தது. பத்தாண்டுகள் கழிந்து, 2017 இல் அம்மக்கள் இரவுபகலாகத் தொடர்ந்து போராடிய பின்னரே, நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்க அதிகாரம் இணங்கியது. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே தன் ஆலயத்தை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். போர் முடியும்வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? பதக்கம் பெறுவோரின் பட்டியலைத் தவறின்றித் தயாரிக்கத் தெரிந்த அரசு, இக்கேள்விக்கு நேர்மையான விடை எதனையும் கூறவில்லை. கேட்டவர் 2021 இல் மறைந்தார்; கேள்வி மறையவில்லை.

பதக்கம் அணிந்த சிப்பாயை நாம் பகைக்கவில்லை. அத்தகையோருள் பலர் தென்னிலங்கைக் கிராமத்து ஏழை உழவரின் மைந்தர்கள். வறுமையே அவர்களைப் பாசறைக்கு அனுப்பியது. பதக்கம் மகனின் மார்பில் ஏறியது. தந்தையின் கடனோ அப்படியே கிடந்தது.

‘அவ்வாறாயின் எமது வீரருக்கு நாமே பதக்கம் வார்ப்போம்’ என்பாரும் எம்மிடையே உளர். அவர்களையும் கேட்கிறோம்: யாரைப் பொறிக்கப் போகிறீர்கள்? யாழ்ப்பாண மன்னன் சங்கிலியையா? 1544 இல் அவன் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 600 கத்தோலிக்கர் தமிழர் அல்லரா? புலிச் சின்னத்தையா? 1990 ஒக்டோபரில் அச்சின்னத்தை ஏந்தியோரின் கட்டளையாலன்றோ எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் வீடுவாசல் இழந்து படகேறினர்! சிங்கத்துக்குப் பதிலாகப் புலியைப் பொறித்துவிட்டால் பொய் மெய்யாகிவிடாது.

இக்கரையின் உண்மையான வரலாறு உழைப்போரின் வரலாறு. 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் அராபியரும் ஒரே கடலில் மூச்சடக்கி மூழ்கினர். மூழ்கியோர் பக்கம் மூன்றில் ஒரு பங்கு. கரையில் இருந்த பிரித்தானிய அரசுக்கு இரண்டு பங்கு. அந்த உழைப்பாளிகளின் முகத்தை எந்தப் பதக்கத்திற் கண்டோம்?

நினைவுச் சின்னமே கூடாது என்பது எமது வாதமன்று. 1915 இல் பேரழிவுக்கு ஆளான ஆர்மீனியர், 2015 இல் அதன் நூற்றாண்டை நினைவுகூர்ந்தபோது வாளையும் முடியையும் நாடவில்லை. ‘என்னை மறவாதே’ என்னும் பெயர்கொண்ட சிறு ஊதாப் பூவையே சின்னமாகக் கொண்டனர். வெற்றியைக் கொண்டாடும் சின்னம் வேறு. இழப்பை மறவாத சின்னம் வேறு.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் நாணயத்தையும் நினைவுத் தாளையும் கையிலெடுங்கள். அவற்றில் இடம்பெறாதோர் யாவர் என்று கேளுங்கள். இறந்தோரின், காணாமற்போனோரின், விரட்டப்பட்டோரின் பெயர்கள் இன வேறுபாடின்றி முதலில் எழுதப்படட்டும். அப்பட்டியல் நிறைவுறும் நாள்வரை, எவரது மார்பில் மின்னும் பதக்கமும் எமக்குப் பெருமை தராது.