ஆற்றுப் பயணம் பெண்களுக்கு ஆகாதா?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கே போவது என்ற பேச்சு எல்லா வகுப்புகளிலும் எழுந்துவிடுகிறது. பாட்டி வீடு என்றால் யாரும் மறுப்பதில்லை. ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கி, படகு வலிக்கும் முகாம் என்று வாயெடுத்தால் போதும், "அதெல்லாம் பையன்களுக்குச் சரி, பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு?" என்று பெரியவர்கள் கேட்டுவிடுகிறார்கள். அக்கேள்வியில் உள்ள அன்பை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். ஆயினும் அதற்கு ஒரு பெண்மணி 1905-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டார். அவருடைய கதையைப் பெற்றோர்க்கும் அருட்சகோதரியர்க்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர் பெயர் மினா ஹப்பர்ட். கனடாவில் பிறந்தவர், நியூயார்க்கில் செவிலியராகப் பணியாற்றியவர். டைபாய்டு காய்ச்சலில் கிடந்த லியோனிடாஸ் ஹப்பர்ட் என்னும் பத்திரிகையாளருக்குப் பணிவிடை செய்து, பின்னர் அவரையே மணந்தார். அந்தக் கணவர் 1903-இல் இரு துணைவருடன் கனடாவின் வடகிழக்கிலுள்ள லாப்ரடார் காட்டைப் படகில் கடக்கப் புறப்பட்டார். நாஸ்காப்பி என்னும் பெரிய ஆற்றில் ஏறுவதாக எண்ணி, சூசன் என்ற சிற்றாற்றில் ஏறிவிட்டார். உணவு தீர்ந்தது. குளிர் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கூடாரத்திலேயே பட்டினியால் உயிர் நீத்தார். வீரத்திற்கு அங்கே குறைவில்லை. வழி தெரியாமைதான் ஆளைக் கொன்றது.

கணவர் தொடங்கியதை முடிப்பேன் என்று 35 வயதில் மினா கிளம்பினார். அன்று ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே 1905 ஜூன் 27 அன்று, முதற்பயணத்தில் உயிர் பிழைத்து வந்த டில்லன் வாலஸ் என்பவரும் தம் குழுவுடன் அதே வழிக்குப் புறப்பட்டார். பத்திரிகைகள் இதை ஒரு பந்தயமாகவே எழுதின.

மினாவுடன் சென்றவர் நால்வர். அவர்களுள் தலைமையானவர் ஜார்ஜ் எல்சன்; தாய்வழியில் கிரீ பழங்குடியினர். முதற்பயணத்திலும் உடன் சென்று, தள்ளாடியபடியே காட்டைக் கடந்து உதவி கொணர்ந்தவர் அவரே. 19 அடி நீளமுள்ள இரு படகுகள், மாவு, பன்றியிறைச்சி, தேயிலை, திசைகாட்டி, கோணமளக்கும் கருவி, வெப்பமானி, இரு புகைப்படப் பெட்டிகள் ஆகியவற்றோடு மினா ஒரு தலையணையையும் வெந்நீர்ப் பையையும் எடுத்துச் சென்றார்! சிரிக்க வேண்டாம். ஒவ்வோர் இரவும் நன்றாக உறங்கியவர்தானே மறுநாள் தெளிந்த கண்ணோடு ஆற்றைப் பார்க்க முடியும்?

சீறும் நீரோட்டத்தில் படகைச் செலுத்த முடியாத இடங்களில் படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து கரைவழியே நடந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு படகு கவிழ்ந்து, கோடரிகளெல்லாம் ஆற்றோடு போயின. கருவண்டுபோல் மொய்க்கும் சிறு ஈக்கள் முகத்தைக் கடித்துக் குதறின. இருந்தும் நாள்தோறும் குறிப்பெழுதினார், படம் எடுத்தார், அளவெடுத்து நிலப்படம் வரைந்தார். ஆயிரக்கணக்கான காரிபூ மான்கள் குன்றுகளை மூடிக்கொண்டு நகர்வதைக் கண்டார். இன்னு மக்களின் ஒரு குடியிருப்பை அணுகியபோது ஆண்கள் வாணிபத்துக்குச் சென்றிருந்தனர். அங்கிருந்த பெண்கள் அஞ்சிப் போகச் சொல்லிக் கூவினர். பிறகு அவர்களே அன்போடு வரவேற்றனர்.

ஒருநாள் மினா தனியே ஒரு குன்றின் மேல் ஏறிப் போய்விட்டார். அவரைக் காணாமல் நால்வரும் பதறிப்போனார்கள். அதன்பின் தனியே எங்கும் போவதில்லை என்று வாக்களிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுப்பாடு அவருக்குக் கசந்தது. அந்த நால்வரின் அச்சமும் பொய்யன்று. எங்கள் வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதானே!

61 நாட்களில், 576 மைல் கடந்து, ஆகஸ்டு 27 அன்று ஜார்ஜ் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த வாணிப நிலையத்தை அவர் அடைந்தார். வாலஸ் வந்து சேர்ந்தது அக்டோபர் நடுவில். மினா வரைந்த நிலப்படத்தை அமெரிக்கப் புவியியல் கழகம் ஏற்றுக்கொண்டது.

"அவர் எங்கே துடுப்புப் போட்டார்? ஆண்கள்தானே வலித்தார்கள்" என்று எங்களுள் சிலரே வாதிட்டார்கள். உண்மைதான். பெரும்பாலும் அவர் படகில் அமர்ந்தே சென்றார். காலம் அவருக்கு அவ்வளவுதான் இடம் கொடுத்தது. ஆனால் 2011-இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து ஹட்சன் விரிகுடா வரை, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், இரு இளம்பெண்கள் தாங்களே துடுப்புப் போட்டுச் சென்றார்கள். அவர்கள் பள்ளிப் பருவத்தில் ஒரு கோடை முகாமில் படகு பழகியவர்கள். அந்த முகாமுக்கு அனுப்பிய பெற்றோரை நாங்கள் மனதார வாழ்த்துகிறோம்.

படகு பழகுவது என்றால் கைவலிமை மட்டுமன்று. நீரைப் படிக்க வேண்டும். ஓட்டத்தின் திசையில் நுனி கொண்ட ஆப்பு வடிவம் தெரிந்தால் அங்கே ஆழமான வழி உண்டு. நுனி நம்மை நோக்கி இருந்தால் அடியில் பாறை உண்டு. பின்னால் இருப்பவள் படகைத் திருப்புகிறாள். முன்னால் இருப்பவள் பாறையைப் பார்த்துச் சொல்கிறாள். இருவரும் கோபித்துக்கொண்டால் படகு நேரே போகாது. இதை எந்தக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மினா சென்ற வழியில் இன்று யாரும் முழுதாகச் செல்ல இயலாது. 1970-களின் தொடக்கத்தில் சர்ச்சில் நீர்வீழ்ச்சி மின்திட்டத்துக்காக நாஸ்காப்பியின் தலைநீர் திருப்பப்பட்டது. அவர் கடந்த மிச்சிகாமா ஏரி ஒரு மாபெரும் நீர்த்தேக்கத்தினுள் மறைந்தது. மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை; விளக்கடியில்தானே இதை எழுதுகிறோம். 1990-களில் பல லட்சமாக இருந்த ஜார்ஜ் ஆற்றுக் காரிபூ மந்தையோ 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5,500-ஆகச் சுருங்கிவிட்டது. ஓர் ஆற்றில் ஒருமுறையேனும் துடுப்புப் போட்டவர்கள் இச்செய்தியைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும் என்று எண்ணுகிறோம்.

பெற்றோரே, லாப்ரடாருக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முதலில் எங்கள் அனைவருக்கும் நீச்சல் பழக ஏற்பாடு செய்யுங்கள். அதன்பின், உயிர்காப்பு உடையணிந்து, ஆசிரியைகளும் ஆற்றை அறிந்த உள்ளூர்ப் படகோட்டிகளும் உடன்வர, அமைதியான நீரில் இரண்டு நாள் முகாமுக்கு இசைவு தாருங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை விவாதப் பொருளாகச் சேர்க்கும்படி தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பணிவோடு வேண்டுகிறோம்.