எஞ்சின் பிரிக்கப் புளியங்கிளை போதாது

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூ உழவு தொடங்குமுன் டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பதுண்டு. பல எஞ்சின்கள் 200 கிலோவைத் தாண்டும். அதைப் புளியங்கிளையில் சங்கிலியால் தொங்கவிட்டு அடியில் கை நுழைப்பதை இனியாவது விட வேண்டும். சங்கிலிக் கப்பி தூக்கத்தான். வேலை பார்க்க ஸ்டாண்டு வேண்டும்.

கார் எஞ்சினுக்கான மூன்று சக்கர ஸ்டாண்டு இதற்கு உதவாது. உருட்டும்போது சிறு கல் தட்டினாலும் கவிழக்கூடும். எஞ்சின் எடைக்கு மேல் தாராளமாகத் தாங்கும் நான்கு சக்கர ஸ்டாண்டே ஏற்றது. தலையில் 8.8 அல்லது 10.9 எனப் பொறித்த போல்ட்டுகள், அவற்றின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது பிளாக்கினுள் இறங்க வேண்டும். பாரமையம் சுழலும் குழாய்க்கு நேராக இல்லையேல், பூட்டு ஊசியை உருவியதும் எஞ்சின் தானே சுழன்று விரலை நசுக்கிவிடும்.

தனி விவசாயிக்கு ஸ்டாண்டு விலை சுமைதான். கூட்டுறவுச் சங்கம் ஊருக்கொன்று வாங்கி வாடகைக்கு விடலாமே.