எத்தனை குதிரை?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் நின்று பாருங்கள். நாலு புல்லட் போனால் காது கிழியும். எல்லாம் சைலென்ஸர் மாற்றினவை. ராயல் என்ஃபீல்டு 2013-ல் தொழிற்சாலை திறந்த அதே ஒரகடம்! அங்கே முறுக்கின போல்ட்டை இங்கே கழற்றுகிறார்கள்.

கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகனும் ரெடி. "சைலென்ஸர், ஏர் ஃபில்டர் ரெண்டும் மாத்தினா அஞ்சு எச்.பி. ஏறுமாம் மாமா!" செலவு, அரை மாசச் சம்பளம்.

அவனுடைய க்ளாசிக் 350-க்குக் கம்பெனி சொல்வதே 20.2 எச்.பி.தான். அஞ்சு என்றால் கால்பங்கு, சும்மாவா? மூக்கை அகலமாக்கினால் காற்று கூடப் போகும், வாஸ்தவம். கூடவே பெட்ரோலும் போகணுமே? அதை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அதன் கணக்கையும் மாற்றினால் ஒன்றிரண்டு தேறலாம். வெறும் குழாய்க்குத் தேறுவது பெரும்பாலும் சத்தம். காது அதை வேகம் என்று நம்பிவிடுகிறது.

"பின்சக்கரத்தை டைனமோமீட்டர் உருளை மேல ஏத்தி, மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்த சீட்டு இருக்கான்னு மெக்கானிக்கைக் கேளு" என்றேன். கேட்டானாம். மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினாராம்!

போலீஸ் பிடித்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். மூணு மாசம் லைசென்ஸும் போகும்.

"வண்டி 195 கிலோ, நீ 80. பதினஞ்சு கிலோ இளைச்சா, பிக்கப்புக்கு ஒரு எச்.பி. ஏத்தின மாதிரி. பைசா செலவில்லை" என்றேன்.

பையன் என் தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.