நெட்வொர்க் மேல பழி போடாதீங்க சாமி!

ஊருக்குப் பணம் அனுப்புற நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பழகிப்போன கதைதான். நம்ம கணக்குல பணம் கழிஞ்சிருக்கும், அம்மா கணக்குல ஏறியிருக்காது. கஸ்டமர் கேர்ல கேட்டா ஒரே பதில்: "நெட்வொர்க் பிராப்ளம் சார்". பெங்களூர்ல பல வருஷமா நெட்வொர்க் ஆணி புடுங்குறவன் நான். கேக்குறப்பல்லாம் பத்திக்கிட்டு வருது மக்களே.

நெட்வொர்க் தகவலைத் தொலைக்கும்ங்கறது என்ன புதுச் செய்தியா? அடியில ஓடுற ஐபி எந்த உத்தரவாதமும் தர்றதில்ல. பாக்கெட் தொலையலாம், வரிசை மாறலாம், ரெண்டு தடவை வரலாம். அதுக்குத்தான் மேல டிசிபி. வரிசை எண் போடு, கிடைச்சா ஒப்புகை அனுப்பு, ஒப்புகை வரலையா, மறுபடி அனுப்பு. விண்ட் செர்ஃபும் பாப் கானும் இதை 1974-லயே எழுதிட்டாங்க.

"அப்ப டிசிபி பாத்துக்குமே"ன்னு சொல்ற சாஃப்ட்வேர் மக்களும் இருக்காங்க. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கூரியருக்குக் கையெழுத்து போட்டா, பார்சல் உங்க கைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தமா? டிசிபி ஒப்புகையும் அப்படித்தான். அந்தப் பக்கத்து மெஷின் வாங்கிக்கிச்சு, அவ்வளவுதான். வங்கிக் கணக்குல ஏறிச்சான்னு அதுக்குத் தெரியாது.

சால்ட்சர், ரீட், கிளார்க் மூணு பேரும் 1984-ல எழுதின கட்டுரையில இதைத்தான் சொன்னாங்க. எம்ஐடியில ஒரு கேட்வே, தனக்குள்ள காப்பி பண்றப்ப, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை ரெண்டு பைட்டை இடம் மாத்திப் போட்டுச்சு. வழியில இருந்த சோதனை எதுவும் கண்டுபிடிக்கல. கெட்டுப்போன ஃபைல்களைப் பழைய பிரிண்ட் அவுட்டோட ஒப்பிட்டு கையாலதான் சரிபண்ணினாங்க. கடைசிச் சோதனையை ரெண்டு முனையில இருக்குறவங்கதான் செய்யணும்.

வைத்தியம் ஒண்ணும் பெரிசில்ல. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண். பதில் வரலையா, அதே எண்ணோட திரும்பக் கேளு. ஏற்கெனவே எழுதியாச்சுன்னா பழைய பதிலையே குடு, மறுபடி கழிக்காதே. இதைச் செய்யாம நெட்வொர்க்கைத் திட்டுறது சோம்பேறித்தனம்.

ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில, தகவல் இணைப்பு அறுந்து தோத்துப்போன பரிமாற்றமும் வாடிக்கையாளர் குத்தம் இல்லைன்னு தெளிவா இருக்கு. யுபிஐ-ல அனுப்பின பணம் அந்தப் பக்கம் ஏறலைன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தரணும், நாம புகார் குடுக்கலைன்னாலும்.

அதனால மக்களே, பதில் வரலைன்னு ரெண்டாவது தடவை பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க, ரெஃபரன்ஸ் நம்பரைக் குறிச்சுக்கங்க. "நெட்வொர்க் பிராப்ளம்"னு சொன்னா, "அது தெரிஞ்சதுதானே, நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேளுங்க.