பிள்ளைக்கு முதற் கணினி மொழி எது?

மருதமுனைக் கைத்தறியாளர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். "எட்டு வயது மகனைக் கணினி வகுப்பிற் சேர்த்தேன். பைதன் மொழி படிப்பிக்கின்றார்கள். ஆங்கிலச் சொற்களைப் பார்த்தெழுதுகின்றான். ஓர் எழுத்துப் பிசகினாலும் பிழை என்று வருகின்றது. 'எனக்கு மூளையில்லை வாப்பா' என்கின்றான். எந்த மொழியைத் தொடக்கத்திற் படிப்பிக்கலாம்?" என்று வினவினார்.

பிள்ளை கூறிய அச்சொல் நம்மை வருத்திற்று. அவனுக்கு மூளை உண்டு. அவன்மீது ஒரே வேளையில் இரு சுமைகள் ஏற்றப்பட்டுவிட்டன. கட்டளைகளை ஒழுங்குபடுத்தும் சிந்தனை ஒன்று. அறியாத ஆங்கிலம் மற்றொன்று. முதலாவதை முதலிற் பயிலட்டும்.

1967 ஆம் ஆண்டில் சீமோர் பாப்பெர்ட் முதலியோர் பிள்ளைகளுக்கென 'லோகோ' என்னும் மொழியை ஆக்கினர். அதில் ஆமை ஒன்று கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும். 'நூறு அடி முன்னே செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு' என்பதை நான்கு முறை செய்வித்தாற் சதுரம் தோன்றும். தவறினால் தவறு கண்ணுக்குத் தெரியும். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

இவ்வழியில் வந்ததே மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007 இல் வெளியிட்ட 'ஸ்கிராச்'. கட்டளைக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினாற் போதும். எழுத்துப் பிழைக்கு இடம் மிகக் குறைவு. எட்டு வயதினர்க்கு இது ஏற்றது. ஐந்து முதல் ஏழு வயதினர்க்குப் படங்களாலேயே இயங்கும் 'ஸ்கிராச் ஜூனியர்' உண்டு. தமிழிலேயே நிரல் எழுத விழைவோர்க்கு முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' இருக்கின்றது. 'பதிப்பி' என்றெழுதினாற் கணினி சொன்னதைத் திரையிற் காட்டும். 1991 இல் வெளிவந்த பைதன் நல்ல மொழியே. ஆங்கில எழுத்துகளில் கை பழகியபின் அதனைக் கற்கட்டும்.

வந்த அன்பருக்கு நாம் கூறியது இதுவே: "கணினியைச் சில நாள் மூடிவையுங்கள். வண்ண நூல்களைப் பாயில் பரப்புங்கள். 'வெள்ளை ஆறு, நீலம் இரண்டு. இவ்வாறே ஐந்து முறை' என்று மகன் கட்டளையிடட்டும். அவன் சொன்னபடியே, சொன்னதை மட்டுமே, அடுக்குங்கள். கோலம் பிசகினால் வாய் திறவாதீர்கள். எந்தச் சொல் தவறியது என்பதை அவனே கண்டுபிடிப்பான். அப்பொழுது, 'மகனே, நீ செய்ததுதான் நிரலாக்கம்' என்று சொல்லுங்கள்."