டேப் வாங்கும் முன் ஓர் அங்குலக் கணக்கு

டேப் கேட்டுக் கடைக்குப் போகிறவரிடம் விற்பனையாளர் முதலில் சொல்வது ரேம் எத்தனை ஜிபி, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். டேப்பைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறவர்களைக் கல்யாண மண்டபத்தில் எப்போதாவது பார்க்கலாம். மற்றபடி அந்தக் கேமராவால் பெரிய பயன் இல்லை. வாசிப்பதற்காக வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: புத்தகத்தின் ஒரு பக்கம் இந்தத் திரையில் எவ்வளவு சுருங்கும்?

தமிழ் வாசகருக்கு இது முக்கியமான கேள்வி. பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகத்தான் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்தாலே தெரியும். அவை பக்கங்களின் படங்கள். எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரியை மடக்க வழியில்லை. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருந்தால் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். அமேசானின் 6 அங்குலக் கிண்டில் மின்னூல் கருவியின் திரை 3.6 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும்தான். முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் 12 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். 8.7 அங்குல டேப்பில் 10 பாயிண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அதுவும் சிரமம். 11 அங்குல டேப்பில் பக்கம் அப்படியே முழு அளவில் வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீள வாக்கில் ஒடுங்கிய 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 5.8 அங்குலம். 2010இல் வந்த முதல் ஐபேடின் திரை 9.7 அங்குலம்தான், ஆனால் அதன் 4:3 வடிவத்தால் அதுவும் அதே அகலம். பெட்டியில் அச்சிட்டிருப்பது மூலைவிட்ட அளவு. அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

இதனால் கிண்டில் வேண்டாம் என்று ஆகிவிடாது. 2007 நவம்பரில் வந்த அந்தக் கருவி வாசிப்பைத் தவிர வேறெதையும் உருப்படியாகச் செய்யாது என்பதே அதன் பலம். அதன் மின்மை (இ-இங்க்) திரையில் பெரும்பாலும் பக்கம் புரளும்போதுதான் மின்சாரம் செலவாகிறது. அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். சிறிய கிண்டிலின் எடை 158 கிராம். 11 அங்குல டேப் அதைப் போல மூன்று மடங்கு கனம். படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். 2016 இறுதியிலிருந்து அமேசான் தமிழ் மின்னூல்களை விற்கிறது. அவற்றுக்கும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த இலக்கியங்களுக்கும் 6 அங்குலம் தாராளம். இங்கே எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. வேண்டிய அளவுக்குப் பெரிதாகும்.

தட்டச்சு என்று வந்தால் கிண்டிலை மறந்துவிடலாம். டேப்பிலும் திரைக் கீபோர்டு பாதித் திரையை விழுங்கிவிடும். நாலு வரி வாட்ஸ்அப்புக்குச் சரி, கட்டுரைக்கு உதவாது. நீளமாக எழுதுகிறவருக்குத் தனி புளூடூத் கீபோர்டு தேவை. ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் ஆப்பிளே தருகிறது. ஆண்ட்ராய்டில் திரையில் ஒழுங்காகத் தமிழ் தட்டும் செயலி, வெளிக் கீபோர்டை இணைத்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடக்கூடும். பில் போடும் முன்பே இணைத்து, ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் தட்டிப் பார்ப்பது நல்லது.

விலை மலிவு என்று பாய்கிறவர்களுக்கு ஆகாஷ் என்ற மலிவு டேப்பின் கதை தெரிந்திருக்க வேண்டும். 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். 7 அங்குலத் திரை, 256 எம்பி ரேம், 366 மெகாஹெர்ட்ஸ் செயலி. தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். அடுத்த ஆண்டே ஆகாஷ் 2 வந்தது, தொட்டால் போதுமான திரையோடும் கூடுதல் வேகத்தோடும். முதல் ஆகாஷில் எது குறை என்பதை அதுவே சொல்லிவிட்டது.

மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதும் விலையில் சேர்த்தி. 2014இல் வந்த ஐபேட் ஏர் 2, 2021இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 15 வரை பெற்றது. மலிவு டேப்புகள் பலவற்றில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது நின்றுவிடும். பிறகு வங்கிச் செயலிகள்கூட ஒவ்வொன்றாக அடம்பிடிக்கத் தொடங்கும்.

ஸ்கேன் நூல்களும் எழுத்து வேலையும் உள்ளவருக்கு 4:3 திரையுள்ள டேப்பும் தனிக் கீபோர்டும். நாவல் மட்டும் படிப்பவருக்குக் கிண்டில் போதும். 8 அங்குல டேப் இரண்டுக்கும் பொருந்தாது. பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க ஆகும். கடைக்குப் போகும்போது போனில் ஒரு பழைய ஸ்கேன் நூலை இறக்கி எடுத்துப் போங்கள். விற்பனையாளர் ரேம் கணக்கைத் தொடங்குவதற்குள் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.