வானத்தில் ஒரு "ஆசியா"

வானத்தில் ஒரு பெரிய பாறை சுற்றிக்கொண்டு இருக்கிறது. அதன் பெயர் "ஆசியா."

அதன் குறுக்களவு சுமார் 60 கிலோ மீட்டர். சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரெயிலில் போகும் தூரத்தைவிட அதிகம்!

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இத்தகைய பாறைகள் லட்சக்கணக்கில் சூரியனைச் சுற்றுகின்றன. அவற்றுக்கு "சிறுகோள்கள்" என்று பெயர். ஆசியா, கல் வகையைச் சேர்ந்த சிறுகோள். அது சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ 3¾ ஆண்டு ஆகிறது.

அதைக் கண்டுபிடித்த ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான்!

நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். 1861-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி அவர் இந்தச் சிறுகோளைக் கண்டார். ஆசியா கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தக் காலத்தில் சிறுகோளைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். நட்சத்திரப் படத்தையும் வானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிகிறதா? மறுநாளும் பார்க்க வேண்டும். அது இடம் மாறி இருந்தால், நட்சத்திரம் அல்ல, சிறுகோள்!

இந்தப் பொறுமை நம்மவரிடமும் இருந்தது. அதே நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1988-ல் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் நிலையத்தில், ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

காவலூருக்கு ஏன் போனார்கள்? வானம் பார்க்க இருட்டு வேண்டும். நகரத்தில் அது இல்லை.

கும்மிடிப்பூண்டியில் இரவிலும் ஆலைகள் ஓடுகின்றன. வேலைக்கு வெளிச்சம் வேண்டும். அது நியாயம். ஆனால் விளக்கு தரையைப் பார்த்து எரிந்தால் போதாதா? வானத்தைப் பார்த்து எரிவதால் யாருக்கு லாபம்? மின்சாரம் வீண். நட்சத்திரங்களும் மறைகின்றன.

விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் வெளிச்சம் கீழே விழும். செலவு அதிகம் இல்லை. ஆலைக்காரர்களும் நகராட்சிகளும் இதைச் செய்ய வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால், கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த ராக்கெட் போகும் வானத்தையும் அவர்கள் பார்க்க வேண்டாமா?

பெற்றோர்களே! செவ்வாயும் வியாழனும் தெரியும் நாட்களில் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆசியா வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், "அந்தச் செவ்வாயையும் தாண்டி, நம் சென்னையில் கண்டுபிடித்த ஒரு பாறை சுற்றுகிறது" என்று சொல்லுங்கள்.